திருச்சிராப்பள்ளிப் பகுதியில் கிறித்தவ அன்றாடச் செப வழக்கங்கள்

கிறித்தவ அன்றாடச் செப வழக்கங்கள் என்பவை, ஞாயிறு வழிபாட்டுக்குப் புறம்பாக ஒரு கிறித்தவர் நாள்தோறும் மேற்கொள்ளும் செபம், விவிலிய வாசிப்பு, தியானம், ஆத்தும சோதனை ஆகிய பயிற்சிகள் ஆகும். இவை பெரும்பாலும் வீட்டில் நிகழ்பவை. குருவோ போதகரோ உடனிருக்கத் தேவையில்லாதவை. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிப் பகுதி இவ்வழக்கங்களின் வரலாற்றை அறிய ஏற்ற இடமாகும். இயேசு சபையினரின் மதுரை மறைப்பணித்தளம், லூத்தரன் மறைப்பணி, ஆங்கிலிக்கன் திருச்சபை ஆகிய மூன்றும் இங்கு வேரூன்றின. மூன்றுக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருந்தது: மக்கள் பலர், குருக்கள் மிகச் சிலர். குரு வந்து செல்லும் இரு வருகைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நம்பிக்கை அழியாமல் காப்பதற்கு அன்றாட வழக்கமே துணையாக இருந்தது. எனவேதான் இப்பகுதியின் செப வழக்கங்கள் சுருக்கமானவையாகவும், மனப்பாடமாகச் சொல்லத்தக்கவையாகவும், வீட்டைச் சார்ந்தவையாகவும் அமைந்துள்ளன.

சொல் விளக்கம்

கத்தோலிக்கர் "செபம்" என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் "ஜெபம்" என்றும் எழுதுவது வழக்கம். இரண்டும் "ஜப" என்னும் வடசொல்லிலிருந்து வந்தவை. பழைய கத்தோலிக்கச் செப நூல்களில் அடிப்படைச் செபங்கள் "மந்திரம்" எனப்பட்டன. பரலோக மந்திரம், விசுவாச மந்திரம் முதலிய பெயர்கள் முதியோரிடையே இன்றும் வழங்குகின்றன. அவற்றையே சீர்திருத்தத் திருச்சபையினர் பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம் என்பர்.

ஒரு நாளின் செயல்களை இறைவன் திருமுன் எண்ணிப் பார்த்தல் "ஆத்தும சோதனை" எனப்படும். அண்மைக்கால நூல்களில் "ஆன்ம ஆய்வு" என்ற சொல்லும் காணப்படுகிறது. கத்தோலிக்க இல்லங்களில் மாலையில் சொல்லப்படும் செபமாலைக்கு "ஐம்பத்து மூன்று மணிச் செபம்" என்பது பழைய பெயர்.

விவிலியப் பின்னணி

குறித்த வேளைகளில் செபிக்கும் வழக்கம் கிறித்தவத்துக்கு முற்பட்டது. தானியேல் நாளுக்கு மூன்று முறை எருசலேமை நோக்கி மண்டியிட்டுச் செபித்ததாகப் பழைய ஏற்பாடு கூறுகிறது (தானியேல் 6). முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் "திதாக்கே" என்னும் கிரேக்கக் கையேடு, இயேசு கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுமாறு பணிக்கிறது. பின்னர்த் துறவு மடங்களில் இது விரிவடைந்து, நாளின் பல வேளைகளிலும் திருப்பாடல்களை ஓதும் முறையாக வளர்ந்தது.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இதற்கு ஓர் எல்லையையும் வகுக்கிறது. பிறர் காணவேண்டும் என்பதற்காகச் செபிப்பதையும், சொற்களை வீணே அடுக்குவதையும் இயேசு அங்கே கண்டிக்கிறார். பழக்கம் தேவை, ஆனால் அது வெற்றுப் பழக்கமாகிவிடக் கூடாது என்னும் இந்த இழுபறி, பிற்காலக் கையேடுகள் அனைத்திலும் தொடர்கிறது.

சமயச் சூழல்

நாளை வேளைகளாகப் பிரித்து இறைவனை நினைப்பது திருச்சிராப்பள்ளி மக்களுக்குப் புதியதன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள திருவரங்கத்தில் அரங்கநாதர் கோயிலின் நாள், விடியற்காலை விசுவரூப சேவையுடன் தொடங்கி, இரவு வரை முறைப்படுத்தப்பட்ட பூசைகளுடன் செல்கிறது. வைணவ இல்லங்களில் நாள்தோறும் செய்யவேண்டிய திருவாராதனத்தைப் பற்றி இராமானுசர் பெயரில் "நித்திய கிரந்தம்" என்னும் நூல் உள்ளது. மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் மணி, பள்ளிவாசல்களின் ஐவேளைத் தொழுகை அழைப்பு, கிறித்தவ ஆலயங்களின் மணி ஆகியவை ஒரே நகரில் கேட்பவை.

ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பெருங்கோயிலில் அன்றாட வழிபாடு அதற்கென அமைந்த அர்ச்சகர்களால் தடையின்றி நடைபெறுகிறது. பக்தர் அதில் வந்து கலந்துகொள்கிறார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இப்பகுதியின் கிறித்தவச் சிற்றூர்களுக்கு அத்தகைய நிலையான குருக்கள் இல்லை. அங்கே வீட்டார் செபிக்காவிட்டால் செபமே இல்லை என்ற நிலை இருந்தது.

வரலாறு

முதல் தமிழ்ச் செபங்கள்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபைக் குரு பிரான்சிசு சவேரியார், தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களின் துணையுடன் அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கினார். 1544 சனவரியில் எழுதிய மடலில் தம் முறையை அவர் விவரித்துள்ளார். அவர் கையில் மணியுடன் தெருக்களில் சென்று நாளுக்கு இருமுறை சிறுவர்களைக் கூட்டினார். சிறுவர்கள் செபங்களை மனப்பாடம் செய்து, வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும். ஒரு குரு பல ஊர்களுக்குப் பொறுப்பாக இருந்த நிலையில், இம்முறை செபத்தை வீட்டிற்குள் கொண்டு சேர்த்தது.

என்றிக்கே என்றீக்கசு அடிகளின் "தம்பிரான் வணக்கம்" 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. 16 பக்கங்களே கொண்ட இச்சிறு நூல், தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூல்களில் ஒன்றாகும். இதன் உள்ளடக்கம் செபங்களும் அடிப்படைப் போதனைகளும் ஆகும்.

உபதேசியாரும் வீரமாமுனிவரும்

மதுரை மறைப்பணித்தளத்தில் குரு ஒருவர் பரந்த நிலப்பகுதியைக் கவனிக்க வேண்டியிருந்தது. குரு இல்லாத நாட்களில் ஊராரைக் கூட்டிச் செபம் சொல்லியும், சிறுவர்க்குக் கற்பித்தும், நோயாளிகளைச் சந்தித்தும், இறப்போரின் அருகில் இருந்தும் பணியாற்றியவர்கள் உபதேசியார்கள். இவர்கள் "வேதியர்" எனவும் அழைக்கப்பட்டனர்.

இத்தாலியரான வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியை மையமாகக் கொண்டு பணியாற்றினார். 1720களின் பிற்பகுதியில் இவர் இயற்றிய "வேதியர் ஒழுக்கம்" என்னும் உரைநடை நூல், உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்டது. பிறருக்கு வழிகாட்டுபவர் முதலில் தம் வாழ்வை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது இந்நூலின் அடிப்படை. இலக்கிய உலகில் வீரமாமுனிவர் "தேம்பாவணி" காப்பியத்தால் பெரிதும் அறியப்பட்டாலும், சிற்றூர்களின் அன்றாட வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது இந்த உரைநடை நூலே.

குருக்கள் இல்லாத காலம்

இவ்வழக்கங்களின் வலிமை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோதிக்கப்பட்டது. 1759இல் போர்த்துகல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்டு இயேசு சபையையே கலைத்தார். சபை 1814இல் மீண்டும் நிறுவப்பட்டது. எனினும் பிரெஞ்சு இயேசு சபையினர் இப்பகுதிக்கு வந்து பணியைத் தொடங்கியது 1838ஆம் ஆண்டையொட்டியே ஆகும்.

இடைப்பட்ட காலத்தில் கோவாவிலிருந்து வந்த குருக்களும், புதுச்சேரியைச் சார்ந்த பிரெஞ்சுக் குருக்களும் சிலர் மட்டுமே பணியாற்றினர். நற்கருணையும் பாவசங்கீர்த்தனமும் எப்போதாவது கிடைக்கும் ஊர்கள் பல இருந்தன. அங்கே எஞ்சியிருந்தவை உபதேசியாரின் மாலைச் செபமும், வீட்டுச் செபமாலையும், பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களுமே. திரும்பி வந்த இயேசு சபையினர், பிளவுகளும் குறைபாடுகளும் இருந்தபோதிலும், கிறித்தவ ஊர்கள் நிலைத்திருக்கக் கண்டனர். ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் கடந்தபின் 1886இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் அமைந்ததற்கு இத்தொடர்ச்சியும் ஓர் அடிப்படையாகும்.

சுவார்ட்சின் காலையும் மாலையும்

செருமானிய லூத்தரன் மறைப்பணியாளரான கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு (1726–1798) 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் பணியைத் தொடங்கி, 1778இல் தஞ்சாவூருக்குச் செல்லும் வரை இந்நகரையே மையமாகக் கொண்டிருந்தார். தெப்பக்குளத்தின் அருகிலுள்ள கிறிஸ்து ஆலயம் 1766இல் இவர் முயற்சியால் எழுந்தது.

இங்கு இவர் எளிய அறை ஒன்றில் வாழ்ந்து, சோறும் காய்கறியும் உண்டதாக அவரைக் கண்ட ஆங்கிலேயர் ஒருவரின் குறிப்பு கூறுகிறது. கோட்டைப் படையினரின் போதகர் என்ற முறையில் கிடைத்த ஊதியத்தின் ஒரு பகுதியைத் திருச்சபைப் பணிக்குச் செலவிட்டார்.

இவரது பணி முறையில் காலையும் மாலையும் சிறப்பிடம் பெற்றன. காலையில் உபதேசியார்கள் அவரிடம் கூடிச் செபித்தனர். பின்பு அன்று யார் எங்குச் செல்வது என்பது முடிவு செய்யப்பட்டது. மாலையில் திரும்பி வந்து, யாரைக் கண்டார்கள், என்ன பேசினார்கள் என்பதைக் கூறி, மீண்டும் செபித்துப் பிரிந்தனர். செபம், பணி, கணக்குச் சொல்லுதல், செபம் என்னும் இச்சுழற்சி நாள்தோறும் திரும்ப நிகழ்ந்தது.

இதன் பின்னணியில் லூத்தரன் மரபு உண்டு. மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் காலை, மாலை செபங்களைக் கற்பிக்க வேண்டும் என வகுத்தார். 1535இல் தம் முடிதிருத்துநரின் வேண்டுகோளுக்கு இணங்கிச் செபம் பற்றிய ஒரு சிறு நூலையும் எழுதினார். செபத்தை விடியலின் முதல் வேலையாகவும் இரவின் கடைசி வேலையாகவும் கொள்ளுமாறு அதில் அறிவுறுத்துகிறார். வேறு வேலையை முடித்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துச் செபிக்கலாம் என்ற எண்ணமே நாள் முழுவதையும் விழுங்கிவிடும் என்பது அவர் எச்சரிக்கை.

ஆங்கிலிக்கன் மரபும் வாசிப்புப் பழக்கமும்

ஆங்கிலிக்கன் பொது செப நூல் ஆண்டு முழுவதற்கும் காலை, மாலை வழிபாட்டு ஒழுங்குகளையும் வாசகங்களையும் கொண்டது. கல்கத்தா ஆயர் ரெசினால்டு ஈபர் 1826இல் தென்னாட்டுக்கு வந்தபோது தமிழ்ச் சபையாருக்குத் தமிழிலேயே ஆசி வழங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை ஆலயத்தில் தமிழ்ச் சபையாரிடையே வழிபாட்டை முடித்துத் திரும்பியபின், நீராடச் சென்ற இடத்தில் இறந்தார். அவர் உடல் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகளும் மலிவு அச்சும் பரவியதால், மனப்பாடச் செபத்துடன் விவிலிய வாசிப்பும் வீட்டு வழக்கமாயிற்று. சென்னையில் விவிலியச் சங்கத்தின் துணைச் சங்கம் 1820இல் தொடங்கியது. இன்றும் சீர்திருத்தத் திருச்சபையினர் பரவலாகப் பயன்படுத்தும் தமிழ் விவிலியம் 1871இல் வெளிவந்தது. கத்தோலிக்கரிடையே வீட்டில் விவிலியம் வாசிக்கும் வழக்கம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் (1962–1965) வலுப்பெற்றது. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளியானது.

நடைமுறைகள்

கத்தோலிக்க இல்லங்களில்

1. காலைச் செபம்: எழுந்தவுடன் சிலுவை அடையாளம் இட்டு, அன்றைய நாளை ஒப்புக்கொடுத்தல்.
2. மூவேளைச் செபம்: காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் ஆலய மணி ஒலிக்கும்போது சொல்வது. மணியோசையே நினைவூட்டியாகச் செயல்படுகிறது.
3. செபமாலை: பெரும்பாலும் மாலையில் குடும்பமாகச் சொல்லப்படுவது. தொடக்கத்தில் 3, பின்னர்ப் பத்துப் பத்தாக 50 என 53 முறை மங்கள வார்த்தைச் செபம் வருவதால் "ஐம்பத்து மூன்று மணி" என்னும் பெயர் ஏற்பட்டது. விரல்கள் மணிகளை எண்ணுவதால், விளக்கோ நூலோ எழுத்தறிவோ இதற்குத் தேவையில்லை. முடிந்தவுடன் பிள்ளைகள் பெரியோரை வணங்கி ஆசி பெறுவது பல குடும்பங்களின் வழக்கம்.
4. ஆத்தும சோதனை: உறங்குமுன் அன்றைய நாளை எண்ணிப் பார்த்தல்.

சீர்திருத்தத் திருச்சபைகளில்

1. தனி ஜெபம்: அதிகாலையில் வேத வாசிப்புடன் செய்வது.
2. குடும்ப ஜெபம்: பாமாலை அல்லது கீர்த்தனை ஒன்றைப் பாடி, ஒரு வேதப் பகுதியை வாசித்து, ஜெபித்து முடிப்பது. வசனங்களை முறை வைத்து வாசிப்பதால் பிள்ளைகள் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்கும் இடமாகவும் இது இருந்துள்ளது.
3. அன்றைய வசனம்: சுவரில் மாட்டிய நாள்காட்டியிலோ தியான நூலிலோ உள்ள வசனத்தை வாசித்தல்.

விவிலியத்தை ஓராண்டில் வாசித்து முடிப்பது பலரின் குறிக்கோளாகும். சீர்திருத்தத் திருச்சபையினரின் விவிலியத்தில் 1189 அதிகாரங்கள் உள்ளன. வார நாட்களில் 3 அதிகாரங்களும் ஞாயிறுகளில் 5 அதிகாரங்களும் வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். இசுக்கொத்துலாந்துப் போதகர் இராபர்ட்டு மர்ரே மெக்செயின் 1842இல் தம் சபைக்காக வகுத்த அட்டவணை, பழைய ஏற்பாட்டை ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் ஓராண்டில் வாசிக்கச் செய்வதாகும்.

ஆத்தும சோதனையின் முறை

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் "ஆன்மிகப் பயிற்சிகள்" 1548இல் அச்சானது. அதிலுள்ள பொது ஆத்தும சோதனை ஐந்து படிகளைக் கொண்டது:

1. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல்
2. தன் குறைகளை அறிய இறையருளை வேண்டுதல்
3. நாளை வேளை வேளையாக எண்ணிப் பார்த்தல்
4. தவறுகளுக்கு மன்னிப்பு வேண்டுதல்
5. திருந்துவதற்கு உறுதி கொள்ளுதல்

இந்த வரிசையில் நன்றி முதலில் வருவது கவனிக்கத்தக்கது. தவறுகளின் பட்டியலுடன் சோதனை தொடங்குவதில்லை.

இதனுடன் "தனிச் சோதனை" என்ற மற்றொரு முறையும் அந்நூலில் உள்ளது. ஒருவர் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் நாளுக்கு இரண்டாகக் கோடுகள் வரைந்து, அக்குறையில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டின் மேல் ஒரு புள்ளி இட வேண்டும். நண்பகலை இரவோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இவ்வாரத்தோடும் ஒப்பிட்டு முன்னேற்றம் அறியலாம். இக்காலக் கைப்பேசிச் செயலிகளில் காணப்படும் பழக்கக் கணிப்பு முறைக்கு இது நானூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

பழக்கம் நிலைபெறும் விதம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் அச்சில் வெளிவந்தது. உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான புதிய செயல் ஒன்றை நாள்தோறும் ஒரே சூழலில் செய்தவர்களிடம், அது இயல்பாக நிகழும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள். ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இவ்வாய்வு செபத்தைப் பற்றியதன்று. எனினும் இது கூறும் கூறுகள் சிலவற்றைப் பழைய வழக்கங்களிலும் காணலாம்:

• நினைவூட்டி: ஆலய மணி, விளக்கேற்றும் நேரம், உணவுக்கு முந்தைய வேளை ஆகியவை செபத்தைத் தொடங்கி வைக்கின்றன.
• சுருக்கம்: மூவேளைச் செபம் சில நிமிடங்களில் முடிவது. வயலில் நிற்பவரும் அதைச் சொல்ல முடியும்.
• துணை: சுவார்ட்சின் உபதேசியார் கூட்டத்திலும் குடும்பச் செபத்திலும், ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் தொடர்கிறார்.
• மீளாய்வு: ஆத்தும சோதனை, நேர்ந்ததை நாள்தோறும் நோக்கச் செய்கிறது.

பழக்கம் வேறு, ஆன்மிக வளர்ச்சி வேறு என்பதையும் கிறித்தவ இறையியல் வலியுறுத்துகிறது. வளர்ச்சி இறையருளின் கொடை என்றும், பயிற்சி அதைப் பெறுவதற்கான ஆயத்தம் மட்டுமே என்றும் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் கற்பிக்கின்றனர்.

விமர்சனங்களும் இடர்களும்

பொருளுணராமல் விரைந்து சொல்லும் செபம் வெற்றுச் சடங்கு என்பது சீர்திருத்தக் காலம் முதல் எழுந்துவரும் விமர்சனம். திரும்பத் திரும்பச் சொல்வது மனத்தை அமைதிப்படுத்தி, மறைபொருளைத் தியானிக்க இடமளிக்கிறது என்பது கத்தோலிக்கர் விடை. சீர்திருத்தத் திருச்சபைகளிலும் வாசிக்க வேண்டிய அதிகாரங்களை எண்ணிக்கைக்காக ஓட்டிவிடும் போக்கு இதே இடரை உடையது.

மற்றோர் இடர் அளவு மீறிய குற்றவுணர்வு. இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசா நகரில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களை மீண்டும் மீண்டும் எண்ணி, உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டப்படும் அளவுக்கு வருந்தினார். அதிலிருந்து மீண்ட பின்னரே பிறருக்கான பயிற்சிகளை வகுத்தார். ஐயுறவால் வாடும் மனத்திற்கென அவர் தனியே குறிப்புகள் எழுதியதற்கு இவ்வனுபவம் காரணமாகும். ஒரு நாள் செபம் தவறியதை இறைவன் தம்மைக் கைவிட்டதாகக் கொள்வோருக்கு, மறுநாள் எளிமையாகத் தொடங்குவதே ஆன்மிக வழிகாட்டிகள் பொதுவாகக் கூறும் அறிவுரை.

வாழ்க்கை முறை மாற்றம் மூன்றாவது காரணி. பொன்மலை தொடர்வண்டிப் பணிமனை, பாரத மிகுமின் நிறுவனம் போன்ற தொழிலகங்களின் வளர்ச்சியோடு, சுழல்நேரப் பணி இந்நகரின் வாழ்வில் கலந்தது. வெளிநாட்டுப் பணி, மாலை நேர வகுப்புகள், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவையும் குடும்பம் முழுதும் ஒன்றாக அமரும் வேளையைக் குறைக்கின்றன. தொலைவில் இருப்போர் கைப்பேசி வழியே குடும்பச் செபத்தில் இணைவதும் இன்று வழக்கில் உள்ளது. குருக்கள் இல்லாத காலத்தில் செபத்தைக் காத்தது வீடு. இன்று ஆலயங்களும் குருக்களும் அருகில் இருக்க, வீட்டில் பொது நேரம் அருகி வருவதே இவ்வழக்கங்கள் எதிர்கொள்ளும் புதிய சோதனையாகும்.

இவற்றையும் பார்க்க

• வேதியர் ஒழுக்கம்
• தம்பிரான் வணக்கம்
• கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு
• செபமாலை
• லொயோலா இஞ்ஞாசியார்
• மதுரை மறைப்பணித்தளம்